பதினோரு மெட்டுக் கோஷ்டி

முதலில் ஒரு பொய்யைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் நாம் கூடுகிற ஒவ்வொரு கல்யாணத்திலும் கருமாதியிலும், போன வருஷம் தானா ராத்தா கோயில் பந்தியிலும்கூட, "அன்னைக்கு ரெண்டாவது தகரத்த நான் வேணும்னுதான் காட்டல" என்று உங்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் நம்பி எனக்கு இன்னொரு வடை எடுத்து வைத்திருக்கிறீர்கள். அத்தனையும் ஏமாற்றித் தின்ற வடை.  

நம்மில் பாதிப் பேருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மீதிப் பேருக்கு ஞாபகம் தேய்ந்துவிட்டது. இரண்டும் முழுதாகத் தேய்வதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுவது நல்லது.

எழுபதுகளின் நடுவில் நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. எங்கள் கோஷ்டியில் பெரியவர்கள் மூன்று பேர். அப்பா தொழிற்சாலையின் லோரி டிரைவர். அவர் கையில் அக்கார்டியன். சித்தப்பா அதே தொழிற்சாலையில் தூள் சலிக்கிறவர். தோல் போர்த்திய எதையும் அடிப்பார், தவிலோ தப்போ, துரைமார் கிளப்பில் கிடந்த பெரிய டிரம்மோ. மூன்றாவது ஆள் மேட்டுச் சிற்றாலயத்தின் உபதேசியார், அவருக்கு வயலின். நான்காவது ஆள் நான். என் வாத்தியம் தகரம்.

இந்த மூன்று பேரும் வாசிக்காத இடம் அந்த மலையில் இல்லை. மாரியம்மன் திருவிழா, சிற்றாலயத்துக் கிறிஸ்துமஸ், கிளப்பில் துரைமார் டான்ஸ், கம்போங் ராஜாவில் மலாய்க்காரர் கல்யாணம், லெம்பா பெர்த்தாமில் சீனர் வீட்டுச் சாவு, எல்லாவற்றுக்கும் இவர்கள்தான். ஆனால் எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. இவர்களுக்குத் தெரிந்தது மொத்தமே பதினோரு மெட்டு. கோயிலில் பத்துப் பேரைச் சாமியாட வைத்த அதே மெட்டுக்குக் கிளப்பில் துரைசாணிகள் வட்டம் போட்டு ஆடினார்கள். மெட்டு அப்படியே இருக்கும். சித்தப்பாவின் குச்சி மட்டும் மதம் மாறும்.

உடுப்பும் மாறும். அதற்கென்று ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் கழுத்துப் பட்டி, மலாய்த் தொப்பியான சொங்கோக், சீனர் சாவுக்குக் கையில் கட்டும் கறுப்புத் துணி, விபூதிச் சம்படம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சிற்றாலயத்து வாசலில் அம்மா ஈரத் துண்டோடு நின்று சித்தப்பாவின் நெற்றியைத் தேய்த்துத்தான் உள்ளே விடுவாள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று நெற்றியைத் துடைத்த அவசரத்தில் தலையைப் பார்க்க மறந்துவிட்டாள். சித்தப்பா முழுப் பூசைக்கும் சொங்கோக்கோடு உட்கார்ந்திருந்தார். உபதேசியாரின் கதை வேறு. கோயில் திருவிழாவில் அவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார். அவர் இருப்பது யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. பாட்டு நிற்கிற இடமெல்லாம் அவருடைய இருமல் கேட்கும். ஊரே தலையைக் குனிந்து சிரிக்கும்.

தகரத்துக்கு வருகிறேன். ஒரே மெட்டுக்கு அப்பா கிளப்பில் வைத்த பெயர் ஒன்று, சித்தப்பா கோயிலில் வைத்த பெயர் ஒன்று, உபதேசியார் ஆலயத்தில் வைத்த பெயர் ஒன்று. ஒருமுறை மூன்று பேரும் ஒரே பாட்டு என்று நினைத்து மூன்று பாட்டை ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா மெட்டுகளுக்கு நம்பர் போட்டார். கொழுந்து நிறுக்கும்போது அவரவர் கூடையில் தொங்கவிடுவார்களே, வட்டமான நம்பர் தகரம், அதில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கழித்துப்போட்டதிலிருந்து ஒன்று முதல் பதினொன்று வரை பொறுக்கி வந்தார். ஒரு மூங்கில் கம்பு, நுனியில் ஓர் ஆணி. நான் கோஷ்டிக்கு எதிரே நின்று தகரத்தை ஆணியில் மாட்டினால் அந்த நம்பர் வாசிக்கப்படும்.

எந்த வீட்டில் எதற்கு எந்த நம்பர் வாசித்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்வதும் என் வேலைதான். காரணம் அப்பாவின் சட்டம்: ஒரு வீட்டுச் சாவுக்கு வாசித்ததை அந்த வீட்டு நல்ல காரியத்துக்கு வாசிக்கக் கூடாது. கங்காணி வீட்டில் ஒருமுறை அப்படி ஆகிவிட்டது. மாமியார் சாவுக்கு வாசித்த நான்காம் நம்பரைப் பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கும்போதும் வாசித்துவிட்டார்கள். கங்காணியின் மனைவி தொட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார். "சாவு மெட்டு வீட்டோட ஒட்டிக்கும். பிச்சாலும் வராது" என்பார் அப்பா.

அந்த வருஷம் அடைமழைக் காலத்தில், லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் போட்டுக்கொண்டிருந்த சீன முதலாளி, எல்லாரும் பெரிய தவுக்கே என்று கூப்பிடுகிறவர், இறந்துபோனார். உயிரோடு இருந்தவரை அந்த மனிதர் நடந்து நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். கூடை தூக்கினாலும் ஓட்டம், குடை பிடித்தாலும் ஓட்டம். அவருடைய கடைசிப் பயணத்துக்குக் கோஷ்டி போனது. சவப்பெட்டி ஏற்றிய லோரிக்கு முன்னால் நாங்கள் நடந்தோம். இடுகாடு மேட்டில் இருந்தது. "பெட்டி மேல போய்ச் சேர்ற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது" என்று மூத்த மகன் சொல்லியிருந்தார். தகப்பனார் இறந்த அன்றே அவர்தான் புதுத் தவுக்கே.

பாதி மேட்டில் லோரி சேற்றில் மாட்டியது.

சாவுக்கென்று எடுத்து வைத்திருந்தது நான்கே மெட்டு. நான்கும் முடிந்தன. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா கண்ணால் கேட்டார். நான் ஐந்தை மாட்டினேன். கிறிஸ்துமஸ் மெட்டு, சவ நடையில். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபமா வெட்கமா தெரியவில்லை. பிறகு ஆறு, எட்டு, கோயில் மெட்டு, மலாய்க்காரர் ஆடுகிற ஜோகெட் மெட்டு எல்லாம் வந்தன. அப்பாவுக்கு இன்னொரு வேதனை. தொழில் முறையில் லோரி டிரைவரான அவர், வேறொருவன் லோரியைச் சேற்றில் புதைப்பதை அக்கார்டியனும் கையுமாக நின்று பார்க்க வேண்டியிருந்தது. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில் திரும்பிக் கத்தினார்.

"ரிவர்ஸ் எடுலா. கிளட்ச அமுக்காத. டேய், கல்லு போடு, சாக்கு போடு."

உபதேசியாரின் வயலினில் ஒரு நரம்பு அறுந்தது. அந்த நரம்பு இல்லாமல் வாசிக்க முடிந்தது ஏழாம் நம்பர் ஒன்றுதான். அதற்குப் பிறகு ஏழு, ஏழு, மறுபடியும் ஏழு. பதினைந்து தடவையாவது இருக்கும். பெரிய தவுக்கேயின் மனைவி சாலையோரம் ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் குடையைத் தரையில் தட்டித் தட்டி எங்களைப் பார்த்துச் சீனத்தில் கத்திக்கொண்டே இருந்தார். என்னவென்று புரியவில்லை. வாழ்த்து இல்லை என்று மட்டும் புரிந்தது.

மார்கழியில் புதுத் துரை வந்தார். வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். இவர் நம் நாட்டு ஆள், கோலாலம்பூர்க்காரர். கிளப்பை மூடப்போகிறார்கள், சாமான்களைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சாமான் என்றால் மான்தலை, பந்து மேசை, பிறகு அப்பாவின் அக்கார்டியன். ஆமாம், அது அப்பாவுடையது இல்லை. ஒரு துரைசாணி ஊர் போகும்போது கிளப்புக்கு விட்டுப்போனது. வாசிக்க ஆளில்லாமல் அப்பாவிடம் வந்து, பத்து வருஷமாக எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

தங்கிவிட்டது என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு கம்பளி. ஒன்றில் அம்மாவும் நானும் தங்கச்சியும். இன்னொன்றில் அக்கார்டியன். ஈரம் ஏறினால் மூன்று கட்டைகள் ஒட்டிக்கொண்டு ஆஸ்துமாக்காரர் போல இழுக்கும். அம்மா அதை அடுப்படியில் வைத்துச் சூடு காட்டுவாள். கற்பூரமும் எலியும் பழைய தோலும் கலந்த அந்த வாசனை இன்றும் மழை நாளில் என் மூக்குக்குள் வரும்.

அப்பா கிளப்பு வாசலில் போய் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன்.

"தொர, அந்த அக்கார்டியன் பொட்டி மட்டும் இருந்தா, இங்கயே நாலு பேருக்கு ஒதவும்."

துரை பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லா வாசிப்பீங்களா?"

"நாலு பேரக் கேட்டுப் பாருங்க தொர."

"நானே கேட்டுக்கிறேன். லெம்பா பெர்த்தாம் தவுக்கே மகன் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்காரு. நீங்கதானே வாசிக்கிறீங்க? ஆளுங்க ரசிச்சா பெட்டி இருக்கட்டும். இல்லன்னா மறுநாள் லோரியில ஏத்திடுங்க."

எந்த லோரி? அப்பா ஓட்டுகிற லோரிதான்.

கல்யாணச் செய்தி எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் புதுத் தவுக்கே லயத்துக்கு வந்து சிவப்புக் கார்டு கொடுத்தார். அவர்கள் வழக்கம் அப்படி. வீட்டில் பெரியவர் போய்விட்டால், கல்யாணத்தை நூறு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். விட்டால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். பெண் வீட்டார் காத்திருக்க மாட்டார்களாம். ஆகவே தைப்பூசம் தாண்டி, சீனப் பெருநாள் முடிந்த கையோடு, பகல் விருந்து. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டு கையும் சுத்தமா வாசிச்சிருவோம் தவுக்கே" என்றார்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து தகரங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வரை போனேன். திரும்பிப் பதினொன்றிலிருந்து ஒன்று வரை வந்தேன். அந்த வீட்டுச் சாவுக்கு வாசிக்காத நம்பர் ஒன்றுகூட இல்லை.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்குக் காய்ச்சலே வந்தது. நான் தகரம் மாட்டப்போய், அதனால் மணப்பெண் ஒப்பாரி வைத்து, அதனால் துரை முகம் சுளித்து, அதனால் அப்பா தன் கையாலேயே அக்கார்டியனைத் தன் லோரியில் ஏற்றி... இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மாரியம்மனிடம் வேண்டினேன். போதாது என்று சிற்றாலயத்தில் முழங்கால் போட்டேன். சம்பந்தப்பட்டது சீனர் வீடாயிற்றே என்று, கடைக்காரச் சீனர் வைத்திருந்த சிவப்பு மாடத்திலும் ஒரு பத்தியை நட்டுவிட்டு ஓடி வந்தேன். கோஷ்டி எங்கெல்லாம் வாசித்ததோ அங்கெல்லாம் வேண்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டில் மெல்ல ஆரம்பித்தேன்.

"அப்பா, கல்யாணத்துக்கு எந்த நம்பரு?"

"அன்னைக்கு வாசிக்காத நம்பருதான்லா. ஒரு ஆறேழு வாசிச்சிருப்போம். மிச்சம் இருக்குல்ல?"

"மிச்சம் இல்லப்பா."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. "எட்டு?"

"லோரி ரெண்டாவது தடவ சறுக்குனப்ப."

"பதினொன்னு?"

"சக்கரத்துக்குச் சாக்கு போட்டப்ப."

"மூணு? மூணு நிச்சயமா வாசிக்கல."

"நீங்க டிரைவரோட ஆத்தாவத் திட்டினீங்களே, அப்ப."

சித்தப்பா தண்ணீரைக் கீழே வைத்தார். "அண்ணே, இவனுக்கு இவ்வளவு ஞாபகம் நல்லதில்ல. பரீட்சையில மட்டும் எங்க போவுதோ."

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பேசாம அதே பாட்ட வாசிங்க. சீனருக்கு உங்க சட்டம் தெரியுமா என்ன?"

அப்பாவும் சித்தப்பாவும் அம்மாவைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எனக்கும் அப்போது அவள் சொன்னது பாவமாகத்தான் பட்டது. அந்த வீட்டில் அன்று பேசப்பட்டதிலேயே புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான் என்பது புரிய எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

புது மெட்டு கற்றுக்கொள்வது என்று முடிவானது. மூன்று வாரம் இருந்தது. ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்தி வந்தது, மலாய் வந்தது, சீனம் வந்தது. எது வந்தாலும் அப்பாவின் விரலில் ஏறி, சித்தப்பாவின் குச்சியில் இறங்கும்போது அது நான்காம் நம்பராக மாறியிருந்தது. பத்து வருஷம் ஒரே ரோட்டில் ஓடிய லோரி மாதிரி. ஸ்டீயரிங்கை விட்டாலும் அதே வளைவில் திரும்பியது.

ஒரு நாள் காலை உபதேசியார் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்தில் ஒரு களையோடு வந்தார்.

"டிரைவரே, விடியக்காலம் ஜெபத்துல எனக்கு ஒரு மெட்டு எறங்கிச்சு. இதுவரைக்கும் மனுசன் காது கேக்காத மெட்டு."

வாசித்தார். கண்ணில் நீர். வாசித்து முடித்து எல்லாருடைய முகத்தையும் பார்த்தார்.  நான் பாட்டுக்கு என் வேலையைச் செய்தேன். இரண்டாம் நம்பர் தகரத்தை எடுத்து ஆணியில் மாட்டினேன். உபதேசியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வழி கண்டுபிடித்தது சித்தப்பா. ஒரு நாள் வேலை முடிந்து, உடம்பெல்லாம் தேயிலைத் தூளாக வந்து நின்றார். "அண்ணே, மேமலைத் தூளு தனியா குடிச்சா ஒரு ருசி, கீழ்மலைத் தூளு ஒரு ருசி. ரெண்டையும் கலந்தா அது மூணாவது தூளு. அதுக்கு வேற பேரு, வேற டப்பா. அதே மாதிரி ரெண்டாம் நம்பர்ல முன்பாதி, ஒம்பதுல பின்பாதி. அது சாவுக்கு வாசிச்சதாவுமா?"

 சட்டம் போட்டவர் அப்பாதானே, ஓட்டையும் அவரேதான் அனுமதிக்க வேண்டும். "ஆவாது" என்றார்.

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை எந்தச் சங்கீதக்காரரும் மன்னிக்க மாட்டார். மாரியம்மன் முன்பாதிக்குக் கிறிஸ்துமஸ் பின்பாதி. கிளப்பு டான்ஸுக்கு ஜோகெட் வால். முட்டுகிற இடத்தில் சித்தப்பா டிரம்மைப் படபடவென்று உருட்டிப் பூசி மெழுகுவார். எனக்கு வேலை இரட்டிப்பானது. ஆணியில் இரண்டு தகரம், ஒன்றின்மேல் ஒன்று. முன்பாதி முடியும்போது மேல் தகரத்தை உருவ வேண்டும்; கீழ்த் தகரம் தெரியும்; கோஷ்டி அந்த மெட்டுக்குத் தாவும். உருவுகிற நொடி தப்பினால் எல்லாம் கெட்டது. கூடத்தில் விளக்குமாற்றை நட்டு வைத்து, பானை மூடிகளை உருவி உருவிப் பழகினேன்.

கல்யாண நாள். முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே தார்ப்பாய்ப் பந்தல், சிவப்புத் துணி, பத்துப் பதினைந்து வட்ட மேசை. முதல் மேசையில் துரை. அவர் பக்கத்தில் பெரிய தவுக்கேயின் மனைவி, அதே கறுப்புக் குடையோடு. கழுத்துப் பட்டி கட்டிய எங்கள் கோஷ்டி வாசிக்க ஆரம்பித்தது.

ஐந்து கலவைகள் பிசகில்லாமல் போயின. ரசித்தார்களா என்றால், இல்லை. காலால் தாளம் போட ஆரம்பித்தவர்கள் பாதியில் காலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். துரை முட்கரண்டியை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். அப்பாவின் காதோரம் வியர்வை இறங்கியது. அந்தக் குளிரில்.

அப்போதுதான் யாரோ எங்களுக்கு ஒரு தட்டுப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார்கள். குவே பாக்குல். சீனப் பெருநாளுக்கு ஒட்டரிசி மாவும் சீனியும் சேர்த்து நாள் முழுக்க அவிப்பார்களே, பழுப்பு நிறத்தில், பிசின் மாதிரி. பதற்றம் வந்தால் சிலருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு அப்படி ஒரு குறை கிடையாது. ஒரு துண்டு வாயில், ஒரு துண்டு சட்டைப்பையில். அந்தக் கையாலேயே அடுத்த ஜோடியை எடுத்து மாட்டினேன். மேலே ஏழு, கீழே பத்து. பந்தலுக்குள் மேகம் புகுந்து ஜில்லென்று அடித்தது.

ஏழு ஆரம்பித்தது, கல்யாண வேகத்தில். முன்பாதி முடிந்தது. சித்தப்பா டிரம்மை உருட்டினார். நான் மேல் தகரத்தை உருவினேன்.

இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன.

குளிரில் இறுகிய பலகாரம், பசை போட்டது போல. ஆணி காலி. கோஷ்டி காலி ஆணியைப் பார்க்கிறது. சித்தப்பா உருட்டிக்கொண்டே இருக்கிறார், கண் பிதுங்குகிறது. நான் தகரத்தைப் பிரிக்கிறேன், வரவில்லை. நகத்தால் நெம்பினேன். பல்லால் கடித்தேன். தகரத்தில் பல் பட்ட அந்தக் கூச்சம் இருக்கிறதே, அதை எழுதும்போது இப்போதும் தாடை இறுகுகிறது. அடையாளம் வராவிட்டால் வாத்தியக்காரன் என்ன செய்வான்? போகிற பாதையிலேயே போவான். மூன்று பேரும் ஏழின் பின்பாதிக்குள் இறங்கிவிட்டார்கள். முழு ஏழு. மேட்டில் பதினைந்து தடவை வாசித்த ஏழு.

முதல் மேசையில் குடை எழுந்தது. அதைப் பிடித்தபடி அந்த அம்மா எழுந்து நின்றார்.

பேச்சு அடங்கியது. மெட்டும் ஒவ்வொரு வாத்தியமாகச் செத்தது, வயலின் கடைசியில். அவர் மேசைகளுக்கு நடுவே எங்களை நோக்கி நடந்து வந்தார். நான் என்ன செய்தேன் என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. பெரிய டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். தகரங்கள் இரண்டும் இன்னும் என் வாயில்தான்.

அவர் பேசியது கடைத்தெரு மலாய். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"இது அன்னைக்கு வாசிச்ச பாட்டு."

இல்லை என்று அப்பா சொல்லியிருக்கலாம். யார் நிரூபிப்பது? அப்பா அக்கார்டியனை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். "ஆமா ஞோஞா" என்றார், சீன அம்மாள்களைக் கூப்பிடுகிற மரியாதையோடு.

"அன்னைக்கு ஏன் அவ்வளவு மெதுவா வாசிச்சீங்க?"

"சாவுங்களே, ஞோஞா."

"எங்க ஆளு ஆயுசுல மெதுவா போனதில்ல. சோத்தகூட நின்னுக்கிட்டே தின்னவரு. நான் குடையத் தட்டித் தட்டிக் கத்துனேன், வேகமா, வேகமான்னு. ஒருத்தனும் கேக்கல."

"லோரி மாட்டிக்கிச்சு ஞோஞா. நாங்க என்ன செய்ய?"

"பாட்டு மெதுவா இருந்தா லோரி எப்படி மேடு ஏறும்?"

 அந்தக் கேள்வியை லைசென்ஸ் பரீட்சையில்கூட யாரும் அப்பாவிடம் கேட்டதில்லை.

"இன்னைக்குத்தான் அந்த மனுசனுக்குச் சரியான வேகம்" என்றார் அந்த அம்மா. குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "மாயின் லாகி." மறுபடி வாசி.

வாசித்தார்கள். முழுசாக, கலப்படம் இல்லாமல். அவர் குடையால் தாளம் தட்டியபடி நின்றார். அவருக்குப் பின்னால் தவுக்கே, மாப்பிள்ளை, பெண், பந்தல் முழுக்கக் கைத்தட்டு. நான்கு தடவை. நான்காவது தடவை இன்னும் வேகம் என்று கேட்டு, உபதேசியாருக்கு வில்லின் மயிர் இரண்டு பிய்ந்தது. முகத்தைத் துடைக்கிற மாதிரி அந்த அம்மா கண்ணையும் ஒருமுறை துடைத்துக்கொண்டார். டிரம்முக்குப் பின்னாலிருந்து எனக்கு மட்டும் அது தெரிந்தது.

அந்தச் சட்டம் சீனர் வீட்டில் இருக்கவே இல்லை. எங்கள் அப்பாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அதற்குத்தான் மூன்று வாரம் மாரியம்மனையும் கிறிஸ்துமஸ் பாலனையும் நடுவில் வெட்டி ஒட்டினோம்.

விருந்து முடிந்து துரை பல் குத்திக்கொண்டே வந்தார். "எனக்குச் சங்கீதம் தெரியாது. மொதல்ல வாசிச்சதெல்லாம் என் வீடுன்னு நெனச்சுப் பக்கத்து வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு. கடைசிப் பாட்டு நல்லா இருந்துச்சு. பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

திரும்பும்போது லோரியின் முன் சீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நான். என் மடியில் அக்கார்டியன். மேட்டு வளைவில் அப்பா கியரை மாற்றியபடி கேட்டார்.

"டேய், ரெண்டாவது தகரம் ஏன் வரல?"

"வேணும்னுதான்பா காட்டல" என்றேன். பொய் பிறந்தது அங்கேதான், பத்தாவது வளைவில்.

அப்பா என் சட்டைப்பையைப் பார்த்தார். அது பழுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. மறுபடி ரோட்டைப் பார்த்தார். "ம். வீட்டுக்குப் போய் மொதல்ல கைய கழுவு. பொட்டியத் தொடாத."

அக்கார்டியன் அதற்குப் பிறகு பன்னிரண்டு மழைக்காலம் எங்கள் கம்பளியில் தூங்கியது. பிறகு அதன் துருத்தியை எலி பார்த்துக்கொண்டது. தகரங்கள் வீடு மாறும்போது எங்கோ போய்விட்டன. ஏழும் பத்தும் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். உபதேசியார் போனார், சித்தப்பா போனார். நான்கு வருஷம் முன்பு அப்பாவும் தானா ராத்தாவில் போனார். நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள்.

அன்று கீபோர்ட் வாசிக்க ஒரு தம்பி வந்திருந்தான். ஒரே பெட்டிக்குள் நூறு தாளமாம். சித்தப்பா குச்சியால் செய்ததை அவன் ஒரு பொத்தானால் செய்தான். நான் ஏழாம் நம்பரை அவனுக்குப் பாடிக் காட்டினேன். பிடித்துக்கொண்டான். சவ வண்டி கிளம்புகிற நேரம், பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அங்கிள், ஸ்லோவா, ஃபாஸ்ட்டா?"

உறவுக்காரர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 

"வேகமா வாசி தம்பி" என்றேன். "லோரி மேடு ஏறணும்."